நேசரி டீச்சருக்கு ஏன் படிக்கட்டு இல்லை?



உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் நம்மூர்ப் பெண் பிள்ளைகளில் சிலர் ஒவ்வொரு வருடமும் முன்பள்ளிகளில் டீச்சராகச் சேர்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பலர் விலகியும் விடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லுமுன் இந்தத் தொழில் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

நேசரிக்கு நம்மிடையே உள்ள இன்னொரு பெயர் மொண்டிசோரி. அது ஓர் இத்தாலியப் பெண் மருத்துவரின் பெயர். 1907 இல் ரோம் நகரின் சன் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மொண்டிசோரி முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். வாயிற்காவலர் ஒருவரின் மகள். எதைச் செய்ய வேண்டும், எதைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும் என்று மொண்டிசோரிதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். பிற்காலத்தில் நாடு நாடாகப் போய் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1944 இல் நமது நாட்டிலும் பயிற்சி நடத்தினார்.

அவர் கொண்டுவந்தது பயிற்சி. நம்மிடம் பரவலாகத் தங்கியது பெயர் மட்டும்.

அடுத்த வருடமே, 1945 இல், கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அப்போது பாலர் வகுப்பு பாடசாலைக்குள்ளேயே இருந்தது. 1972 சீர்திருத்தம் பாடசாலையில் சேரும் வயதை 5 இலிருந்து 6 ஆக்கியது. சில வருடங்களில் அது மீண்டும் 5 ஆனது. ஆனால் 3, 4 வயதுப் பிள்ளைகள் பாடசாலைக் கணக்குக்குள் வரவேயில்லை. பள்ளிவாசல், மாதர் சங்கம், தனியார் என்று இயன்றவர்கள் இயன்ற இடத்தில் முன்பள்ளி நடத்தினார்கள். 1987 இல் வந்த 13ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் கொடுத்தது.

அதே காலத்தில் பாடசாலை ஆசிரியருக்கு என்ன நடந்தது? 1986 சட்டத்தின் கீழ் தேசிய கல்வியியற் கல்லூரிகள் அமைந்தன. 1994 இல் இலங்கை ஆசிரியர் சேவை உருவானது. தரம், பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் ஒழுங்காயின. நாமெல்லாம் அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவர்கள்தான். முன்பள்ளி ஆசிரியை அந்தச் சேவைக்குள் இல்லை. பெற்றோர் கட்டும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஏதாவது சிறு கொடுப்பனவு, இவைதான் பெரும்பாலும் அவருடைய வருமானம். பத்து வருடம் படிப்பித்தாலும் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியிருந்தால் யார்தான் நிற்பார்கள்?

இப்போது வழி முற்றாக அடைபட்டும் இல்லை. முன்பள்ளி ஆசிரியருக்குத் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ 4ஆம் மட்டச் சான்றிதழ் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பிள்ளைப்பருவக் கல்விக்கான கற்கைநெறிகள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டே படிக்கலாம். எந்த மொழியில், எந்த நிலையத்தில், எவ்வளவு கட்டணம் என்பதைப் பணம் கட்டுமுன் நேரில் கேளுங்கள். எவர் தந்தாலும் சான்றிதழ்தானே என்று எண்ணாமல், அது மாகாண முன்பள்ளிப் பணியகத்தில் ஏற்கப்படுமா என்பதையும் விசாரியுங்கள்.

இதைச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும். பாடசாலை ஆசிரியர்களாகிய நமக்கு அந்தப் பொறுப்பு உண்டு. விண்ணப்பம் நிரப்ப ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும்.

நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். கலைவிழாவுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் பிடிக்கும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், வருடத்துக்கு ஓர் ஆசிரியையின் பாடநெறிக் கட்டணத்துக்குக் கைகொடுக்கலாம். சான்றிதழோடு வருபவருக்குக் கொஞ்சமாவது கூட்டிக் கொடுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். இன்ஷா அல்லாஹ், நாமும் வந்து பேசுவோம்.