பாரிஸ் நகரத்துப் பந்தி

உணவு விடுதிக்குள் நுழைகிறோம். பிடித்த இடத்தில் அமர்கிறோம். பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்கிறோம். போட்டிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு எழுந்து வருகிறோம். இதிலே என்ன ஐயா வரலாறு என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது, தோழர்களே! 'நீ யார்? உன் தகப்பன் யார்?' என்று கேளாமல், காசு கொடுப்பவன் எவனாயினும் அவனுக்கென ஒரு மேசை போட்டு, அவன் கேட்ட உணவை, எழுதிவைத்த விலைக்குத் தருவது என்ற ஏற்பாடு ஐரோப்பாவிலே வேரூன்றியது பாரிஸ் நகரத்தில். பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன்பு. (சீனத்தில் சோங் மன்னர் காலத்திலேயே பெருநகரங்களில் இத்தகைய விடுதிகள் தழைத்திருந்தன. ஐரோப்பியர்தாம் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.)

அதற்கு முன் நிலைமை என்ன? வெர்சேல்ஸ் அரண்மனையில் மன்னன் உண்ணுவான்; பிரபுக்கள் நின்றுகொண்டு பார்ப்பர்! அரசியின் முன்னிலையில், முதுகு சாய்க்க இடமில்லாத சின்னஞ்சிறு ஆசனத்தில் உட்காருவதற்குக்கூட டச்சஸ் பட்டம் வேண்டும். உட்காருவதே ஒரு பட்டயம்! பாரிஸ் நகரத்துச் சத்திரங்களிலோ நீண்ட மேசை ஒன்று, குறித்த நேரத்தில் மணி அடிக்கும், வைத்ததை உண்ணவேண்டும். வாடிக்கைக்காரர் பாத்திரத்தின் அருகே இடம் பிடித்து நல்லதையெல்லாம் வாரிக்கொள்வர். அயலூரான் எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். இறைச்சி வாட்டுபவர், குழம்பு சமைப்பவர், பணியாரம் சுடுபவர் என ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனி உரிமை. ஒருவர் தொழிலில் மற்றவர் கைவைத்தால் வழக்கு!

'ரெஸ்டாரண்ட்' என்ற சொல் முதலில் கட்டிடத்தைக் குறிக்கவில்லை. நலிந்த உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றின் பெயர் அது. அந்தச் சாறு விற்ற இடத்துக்கு அதுவே பெயராயிற்று. பூலான்ஜே என்பவர் 1765-இல் முதற்கடையைத் திறந்தார், ஏசுவின் வாசகம் ஒன்றை வயிற்றுக்கு ஏற்றபடி மாற்றி வாயிலில் எழுதிவைத்தார், ஆட்டுக்கால் விற்றதற்காகச் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர், வழக்கில் அவரே வென்றார் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. சுவையான கதை! ஆனால், இதைப் பற்றி 2000-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க வரலாற்று ஆசிரியை ரெபெக்கா ஸ்பாங் பழைய ஆவணங்களைத் தோண்டித் துருவிப் பார்த்தார். அப்படி ஒரு வழக்கு நடந்ததற்கு அடையாளமே இல்லை. புராணங்களைக் கேள்வி கேட்கும் நாம், நமக்குப் பிடித்த கதைகளையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். சான்றோடு காணப்படுபவர் ரோஸ் தெ ஷான்துவாசோ என்பவர், ஆண்டு 1766. மறு ஆண்டே, பகுத்தறிவுக் களஞ்சியம் தொகுத்த டிடரோ அத்தகைய கடையொன்றில் உண்டுவிட்டு, விருந்து நன்று, விலைதான் அதிகம் என்று தன் காதலிக்குக் கடிதம் எழுதினார்.

'புரட்சி வந்தது, பிரபுக்கள் ஓடினர், அவர்களுடைய சமையற்காரர் தெருவுக்கு வந்து கடை திறந்தனர், பிறந்தது உணவு விடுதி!' இது இன்னொரு கதை. இதில் பாதி உண்மை. புரட்சிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே விடுதிகள் இருந்தன. பிற்காலத்தில் பதினெட்டாம் லூயி மன்னனான இளவரசனிடம் பணியாற்றிய போவிலியே என்பவர், 1780-களிலேயே பாலே-ருவாயால் பகுதியில் பெரும் விடுதி நடத்தினார். இடுப்பில் வாள் செருகிக்கொண்டு விருந்தினரை வரவேற்பாராம்! புரட்சி செய்தது வேறு: 1791-இல் தொழிற்சங்கங்களின் பிறவி உரிமைகளை ஒழித்தது. எவரும் எத்தொழிலும் செய்யலாம் என்றானபின் விடுதிகள் பெருகின.

அரசியலும் அந்த மேசைகளிலேயே நடந்தது. மார்க்விஸ் குடும்பத்தில் பிறந்தும் மன்னனுக்கு மரண தண்டனை கோரி வாக்களித்தவர் லெ பெலத்தியே. 1793 ஜனவரி 20 அன்று, மன்னன் தலை உருளுவதற்கு முந்திய நாள், ஃபெவ்ரியே என்பவரின் விடுதியில் உணவருந்தச் சென்ற அவரைப் பழைய அரச காவலன் ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். யாரும் நுழையலாம் என்ற கதவு, கொலைகாரனுக்கும் திறந்திருந்தது.

அடுத்த ஆண்டு, 1794 ஜூலையில், பாரிஸ் மக்கள் வேறொன்றைச் செய்து பார்த்தனர். தெருவிலே மேசை போட்டு, அவரவர் வீட்டு உணவைக் கொண்டுவந்து, செல்வனும் ஏழையும் சேர்ந்து உண்டனர். சமபந்தி! புரட்சி அரசே இதை ஐயத்தோடு பார்த்தது. பகைவர் நண்பர் வேடமிட்டு உட்கார்ந்து உறவாடும் இடம் இது என்று பாரேர் மன்றத்தில் கண்டித்தார். சில நாட்களில் அந்தப் பந்தி கலைந்தது. விடுதி நிலைத்தது. பையில் பதினைந்து, இருபது பிஸ்தோல் உள்ளவன் இளவரசன் வீட்டு விருந்தையே உண்ணலாம் என்று 1825-இல் நீதிபதி பிரியா-சவரன் தம் நூலில் மகிழ்ந்தார். உண்மைதான். அந்தப் பிஸ்தோல் இல்லாதவனைப் பற்றி அவருக்கு என்ன கவலை!

அந்தக் கவலையற்ற உலகத்தின் உச்சியைப் பார்க்கவேண்டுமானால், 1867 ஜூன் 7 இரவு, கஃபே ஆங்கிலே விடுதிக்குள் நுழையவேண்டும். உலகப் பொருட்காட்சிக்கு வந்த ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர், அவர் மகன், பிரஷ்ய மன்னன் வில்ஹெல்ம், அமைச்சர் பிஸ்மார்க் ஆகியோர் அங்கே உண்டனர். 'மூன்று பேரரசர் விருந்து' என்று புகழ்பாடுகிறார்கள். அன்று அந்த மேசையில் இருந்த பேரரசர் ஒருவரே என்பது வேறு செய்தி! எட்டு மணி நேரம் நீடித்தது, தலைக்கு 400 பிராங்க் என்பது வழங்கிவரும் கணக்கு.

மூன்றே ஆண்டு. விருந்துண்ட வில்ஹெல்மின் படையே 1870 செப்டம்பரில் பாரிஸை முற்றுகையிட்டது. நகரைக் காத்து நின்ற தேசியக் காவற்படைக்காரனுக்கு நாளுக்கு ஒன்றரை பிராங்க். அந்த விருந்தில் ஓர் இலைக்கு ஆன செலவு அவனுடைய 266 நாள் ஊதியம்! பெண்கள் விடியுமுன் ரொட்டிக் கடை வாயிலில் குளிரில் வரிசையாக நின்றனர். 1871 ஜனவரியில் ஆளுக்கு 300 கிராம் ரொட்டி என்று அளந்தார்கள். அதிலும் பாதி தவிடும் பிறவும். அப்போது புகழ்பெற்ற வுவாசன் விடுதி என்ன செய்தது? முற்றுகையின் 99-ஆம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, விலங்குக் காட்சிசாலையிலிருந்து வந்த ஒட்டக வறுவல், கங்காருக் குழம்பு, ஓநாய்த் தொடை. கூடவே, எலிகள் சூழப் பூனை! அத்தனையும் அழகிய எழுத்தில் அச்சிட்ட பட்டியலோடு, பழைய திராட்சை மதுவோடு! பஞ்சத்திலும் பந்தி இரண்டுதான்.

தொழிலாளிக்கு நாற்காலி போட்டவர் ஓர் இறைச்சிக் கடைக்காரர். தூவால் என்ற அவர், 1850-களில், சந்தைத் தொழிலாளர்க்குச் சாறும் இறைச்சியும் குறைந்த விலையில் தரத் தொடங்கினார். 'பூயோன்' என்று பெயர் பெற்ற அவ்வகை விடுதிகள் நகரெங்கும் பரவின. 1896-இல் தோன்றிய ஷார்த்தியே இன்றும் நடக்கிறது. அங்கே முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் அமர்வர். மேசை விரிப்புக் காகிதத்திலேயே கணக்கு எழுதப்படும். அன்றாடம் வந்த வாடிக்கைக்காரர் தம் கைத்துணியை வைத்துக்கொள்ள எண்ணிட்ட சிறு இழுப்பறைகள் சுவரில் இன்றும் இருக்கின்றன.

உட்கார்ந்தவன் கதை இது. நின்று பரிமாறியவன் கதை? 1907 ஏப்ரலில் பாரிஸ் விடுதிப் பணியாளர் வேலை நிறுத்தம் செய்தனர். பல விடுதிகளில் அவர்களுக்குச் சம்பளமே இல்லை. விருந்தினர் தரும் இனாம்தான் வருமானம். அதிலும் முதலாளிக்குப் பங்கு கட்டவேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டனர். அதோடு, மீசை வைத்துக்கொள்ளும் உரிமையும் கேட்டனர்! சிரிக்கவேண்டாம். மீசை அந்நாட்டில் ஆண்மகனின் அடையாளம்; படைவீரனுக்கும் பெருமகனுக்கும் உரியது. வீட்டு வேலைக்காரனைப் போல மழித்துக்கொண்டு நில் என்பது முதலாளியின் கட்டளை. தோளில் துண்டு போடும் உரிமைக்கும் காலில் செருப்பு அணியும் உரிமைக்கும் போராடிய மண்ணிலே பிறந்தவர்க்கு, இது விளங்காமற் போகாது.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1929-இல், ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் வறுமையால் பாரிஸ் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். அங்கு கண்டதை 1933-இல் நூலாக எழுதினார். பரிமாறுவோர் மீசை வைப்பதில்லை. தமக்குக் கீழே பாத்திரம் கழுவுவோரும் வைக்கக்கூடாது என்பது அவர்கள் விதித்த விதி. சமையற்காரரோ மீசை வைத்துக்கொண்டனர்; பரிமாறுவோரை இளக்காரமாகப் பார்க்கத்தான்! ஒருவர் தலைமேல் ஒருவர் கால்! வேலைக்கு வந்ததுமே ஆர்வெலுக்கும் உத்தரவு போட்டார்கள்: நாளை அந்த மீசை இருக்கக்கூடாது. மறுநாள் அவர் மழித்துக்கொண்டு வந்தார்.