செக் இன்ஜின் லைட் எரியுதா? சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

கோரிமேட்டைத் தாண்டி திண்டிவனம் ரோட்டுல ஏறியாச்சு. மொரட்டாண்டி டோல்கேட் வர்றதுக்குள்ள டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் குட்டியா ஒரு இன்ஜின் படம் எரிய ஆரம்பிக்குது. வண்டி என்னவோ நல்லாத்தான் ஓடுது. பிக்கப் லேசா குறைஞ்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். மறுநாள் ஷெட்ல விட்டா, "சென்சார் போயிடுச்சு தம்பி, மாத்திடலாம்" என்ற ஒரே வரியில் சில ஆயிரங்களுக்குக் கணக்கு முடிஞ்சிடும். புது சென்சாரைப் போட்ட பிறகும் பத்து நாள்ல அதே லைட் திரும்ப எரிஞ்சா, யாரைப் போய்க் கேக்கறது?

பல நேரம் சென்சாரில் கோளாறே இருக்காது. அதுக்குப் போற வயர், கப்ளர், பக்கத்தில் இருக்கிற ஒரு ரப்பர் ஹோஸ், இதில் ஏதாவது ஒண்ணுதான் தகராறு பண்ணும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கா இருக்கணும்னு அவசியம் இல்லை. கையில் இருக்கிற போனும், ஒரு சின்ன அடாப்டரும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரமும் போதும்.

முதல்ல லைட்டைப் படிங்க

மஞ்சள் லைட் நிலையா எரிஞ்சா பதற்றம் வேண்டாம், வீடு வரைக்கும் நிதானமா ஓட்டலாம். அதுவே விட்டு விட்டு மின்னினா, இன்ஜினில் பெட்ரோல் சரியா எரியலைன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு, அதைப் பாழாக்கிடும். சென்சாரைவிடப் பல மடங்கு விலையுள்ள சாமான் அது. அதனால ஓரம்கட்டி நிறுத்திடுங்க. சிவப்புல ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ எரிஞ்சாலும் உடனே நிறுத்தணும். இந்தக் கட்டுரை அதுக்கு இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

போன்ல காரைப் படிக்கலாம்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் முட்டி படுற இடத்துக்குப் பக்கத்தில், 16 ஓட்டைகளோட ஒரு சாக்கெட் இருக்கும். சில கார்களில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். இதுதான் ஓபிடி போர்ட். அமெரிக்காவில் 1996-லேயே எல்லா புது கார்களுக்கும் கட்டாயமான விஷயம் இது. நம்ம ஊர்ல 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 கார்களிலும், அதுக்கு முந்தைய பிஎஸ்-4 கார்கள் பலவற்றிலும் இருக்கு.

இதில் செருகுற ப்ளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. போன்ல டார்க், கார் ஸ்கேனர் மாதிரி ஒரு ஆப். ஐபோன்காரங்க வாங்குறதுக்கு முன்னாடி கவனிங்க. மலிவான சாதா ப்ளூடூத் அடாப்டர் ஐபோனோட சேராது. வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகையாப் பார்த்து வாங்கணும். வேலை முடிஞ்சதும் அடாப்டரைக் கழட்டிடுங்க. செருகியே விட்டா பேட்டரி இறங்கும். அதோட பல அடாப்டர்களோட பாஸ்வேர்டு 1234-தான்!

ஸ்கேன் பண்ணினதும் பி0118 மாதிரி ஒரு கோட் வரும். அதோட 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு ஒண்ணும் இருக்கும். கோளாறு வந்த நொடியில் என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடுன்னு கார் எடுத்து வெச்ச படம் அது. ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க. 'கிளியர்' பட்டனை இப்பவே அமுக்காதீங்க. அமுக்கினா தடயமே போயிடும்.

முக்கியமான விஷயம், இந்த கோட் எந்தத் தெருவில் பிரச்னைன்னு மட்டும்தான் சொல்லும். எந்த வீடுன்னு சொல்லாது. பி0118-ன்னா 'கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம்'. சென்சார் செத்திருந்தாலும் இதே கோட்தான், கப்ளர் கழண்டிருந்தாலும் இதே கோட்தான்.

புதுச்சேரியில் மைனஸ் 40 டிகிரி!

பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கு. காலையில், ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணுங்க. ஆப்பில் கூலன்ட் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை ரெண்டையும் பாருங்க. ரெண்டும் கிட்டத்தட்ட வெளியில் இருக்கிற வெப்பநிலையைத்தான் காட்டணும், 28, 29 மாதிரி. அதில் ஒண்ணு மட்டும் மைனஸ் 40 காட்டினா, புதுச்சேரியில் பனி பெய்யுதுன்னு அர்த்தம் இல்லை. எங்கேயோ இணைப்பு அறுந்திருக்கு. முதல்ல கப்ளரைப் பாருங்க.

இதை அப்படியே விட்டா செலவு வேற வழியில் வரும். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் கூடுதலா பெட்ரோல் விடும், மைலேஜ் விழும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேனும் நிக்காம ஓடும்.

மல்டிமீட்டர் இருந்தா சென்சாரையே அளந்துடலாம். கப்ளரைக் கழட்டி, சென்சாரோட ரெண்டு முனையில் வெச்சா, குளிர்ந்த நிலையில் சுமார் 2,000 ஓம், இன்ஜின் சூடானதும் 300 ஓம் பக்கம் இறங்கணும். காருக்குக் கார் எண் மாறும். ஆனா சூடு ஏற ஏற ஓம் இறங்கினா சென்சார் உயிரோட இருக்கு.

காற்றழுத்தம் சொல்லும் கதை

சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இன்ஜினுக்குள்ள போற காற்றைக் கணக்குப் போட மேப் சென்சார்தான் இருக்கும். அதையும் இதே மாதிரி பார்க்கலாம். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். கடலோர ஊர் என்பதால் இங்கே 100 அல்லது 101 கிலோபாஸ்கல் காட்டணும். (இதே காரை ஊட்டிக்கு ஓட்டிட்டுப் போனா 78 பக்கம் காட்டும். அது கோளாறு இல்லை, மலை!) ஸ்டார்ட் பண்ணி, ஏசியை ஆஃப் பண்ணி ஐடிலிங்கில் விட்டா 30-40 அளவுக்கு இறங்கணும். ரொம்ப இறங்கலைன்னா, சென்சாரைத் திட்டுறதுக்கு முன்னாடி ரப்பர் ஹோஸ்கள்ல விரிசல் இருக்கான்னு பாருங்க. 'உஸ்'ஸுன்னு சத்தம் கேட்டா அதுதான்.

பி0171 கோட் வந்தாலும் இதே தேடல்தான். பெட்ரோலுக்குக் காற்று அதிகமா இருக்குன்னு அது சொல்லுது. ஆக்சிஜன் சென்சார் உண்மையைச் சொன்னதுக்காக அதையே கழட்டி வீசுற கொடுமை இந்த கோடில்தான் அதிகம் நடக்கும்.

மேப் சென்சாருக்குப் பதிலா ஏர் ஃபில்டரை ஒட்டி மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிற கார்னா, அதைச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாம். இன்ஜின் ஆறினதும் கப்ளரைக் கழட்டி, சென்சாரை வெளியே எடுத்து, அதுக்குன்னே விக்கிற ஸ்ப்ரேயை மட்டும் அடிங்க. கார்புரேட்டர் கிளீனர் கூடாது. துணி, இயர் பட்ஸ் எதுவும் படக் கூடாது. உள்ளே இருக்கிற கம்பி அவ்வளவு மெல்லிசு. கால் மணி நேரம் காயவிட்டு மாட்டுங்க.

உப்புக்காற்றும் எலியும்

நம்ம ஊர் கார்களுக்குன்னே ரெண்டு எதிரி உண்டு. ஒண்ணு கடல்காற்று. கப்ளரைக் கழட்டினா உள்ளே பின்களில் பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்ச்சு, காயவெச்சு, 'கிளிக்' சத்தம் வர்ற வரை அழுத்தி மாட்டுங்க. பாதி சென்சார் பிரச்னை இங்கேயே தீர்ந்துடும் என்பது என் கணிப்பு.

இன்னொண்ணு எலி. மழைக்காலத்தில் பானெட்டுக்குள்ள வெதுவெதுப்பா இருக்குன்னு வந்து குடியேறி, வயரைக் கடிச்சு வைக்கும். கடிபட்ட வயரை வெறும் டேப் சுத்தி விட்டா அடுத்த மழைக்குத் தாங்காது. எலெக்ட்ரீஷியனிடம் சால்டரிங் பண்ணி, மேலே ஸ்லீவ் போடச் சொல்லுங்க. அந்தக் கூலி புது சென்சார் விலைக்குக் கிட்டகூட வராது.

மழைன்னதும் இன்னொண்ணும் சொல்லணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ, புதுச்சேரியில் ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டுச்சு. தாழ்வான பகுதிகளில் நின்ன கார்கள் தண்ணிக்குள்ள போச்சு. இப்படி இன்ஜின் வரைக்கும் தண்ணி ஏறின காருக்கு மேலே சொன்ன எந்த வைத்தியமும் ஆகாது. இக்னிஷன் ஆன் பண்ணிப் பார்க்கவே கூடாது. உள்ளே தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினா இன்ஜினே உடையும். பேட்டரியைக் கழட்டிட்டு, போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.

எங்கே கை வைக்கக் கூடாது?

வாரன்டி இருக்கிற வண்டியில் ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறதோட நிறுத்திக்கோங்க. வயரை வெட்டுற வேலை வேண்டாம், சென்சாரை ஓசியில் மாத்தித் தர்ற வேலை கம்பெனியோடது. சூடான இன்ஜினில் கூலன்ட் சென்சாரையோ ரேடியேட்டர் மூடியையோ கழட்டாதீங்க, கொதிக்கிற தண்ணி முகத்தில் அடிக்கும். ஓடிட்டு இருக்கும்போது சூடானதும் நின்னு, ஆறினதும் திரும்ப ஸ்டார்ட் ஆகிற வண்டியில் கிராங்க் சென்சார் மேல சந்தேகம் வரணும். ஆனா அது பல கார்களில் கை நுழையாத இடத்தில் இருக்கும். நடு ரோட்டில் வண்டி நிக்கிற ஆபத்தும் இருக்கிறதால மெக்கானிக்கிடமே விட்டுடுங்க. டீசல் பிஎஸ்-6 வண்டியில் டிபிஎஃப் சமாசாரமும் அப்படித்தான்.

போகும்போது ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "அண்ணே, பி0118 வருது. கப்ளர் சுத்தம் பண்ணிட்டேன், ஓம் சரியா இருக்கு. வயர் எங்கேயாவது அறுந்திருக்கான்னு பாருங்க"ன்னு சொல்லுங்க. பேச்சு சென்சார் விலையில் ஆரம்பிக்காம, வயரில் ஆரம்பிக்கும். அப்படியும் மாத்தித்தான் ஆகணும்னா பழைய சென்சாரைக் கையில் வாங்கிக்கோங்க, புதுசோட பார்ட் நம்பரை அதோட ஒப்பிடுங்க.

வேலை முடிஞ்சதும் கோடை அழிச்சுட்டு, சில நாள் ஊருக்குள்ளேயும் ஹைவேயிலும் ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. பிஎஸ்-6 பைக் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனா பைக்கோட போர்ட் வேற வடிவம். அடாப்டரோட தனியா ஒரு இணைப்பு வயரும் வாங்கணும்.