அந்த உருமியை அடித்தது யார்?

தோழர்களே, முதலில் ஒரு சுலபமான இசைக் கேள்வி. 'மடை திறந்து' எந்தப் படப் பாட்டு? நிழல்கள், 1980. எழுதியது வாலி, பாடியது எஸ்.பி.பி. அந்தப் பாட்டில் இளையராஜாவே திரையில் வந்து போவார் என்றும் சேர்த்துச் சொன்னால் கூடுதல் மதிப்பெண். 2006இல் அதே பாட்டை ராப்பாக்கி 'வல்லவன்' ஆல்பத்தில் கொடுத்தவர்கள் யார்? மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா.

எங்கள் விருத்தாசலத்தில் இந்தப் போட்டியில் தோற்பவர்கள் குறைவு. பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு அச்சு வார்க்கிற பையன்கள்கூடக் காதில் ஹெட்செட்டோடுதான் நிற்பார்கள். எந்த வீடியோ எந்த வருடம், யார் ரீமிக்ஸ் எல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

சரி, அடுத்த கேள்வி. அதே 2006இல் ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட லண்டன் பாடகி மியா 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த 'கலா' ஆல்பத்தில் அதுவும் இருந்தது. கலா அவருடைய அம்மாவின் பெயர். பாட்டு முழுக்க அதிர்வது நம் ஊர் உருமி. கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் கேட்டு, சிலர் முகம் சுளித்த அதே சத்தம் மேற்குலக நடன அரங்குகளுக்குப் போனது. நல்லது. அந்த உருமியை அடித்தவர்களின் பெயர் என்ன? எந்த இசை வினாடி வினாவிலும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். வார்த்தவர் பெயரும் சூளையில் வெந்தவர் பெயரும் இருக்காது.

பறையின் கதை இன்னும் சிக்கலானது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த பெரியவர்கள் நம்மிடம் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் மறுத்தது இசையை அல்ல, பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையை. அடுத்த தலைமுறை அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்தபோது வீட்டுக்குள்ளேயே சண்டை நடந்தது. அந்தச் சண்டை தேவையானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு. பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்த பெயர் அது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். கிதார் பக்கத்திலேயே பறை. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. கானா பாடிய ஒரே பெண் இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. இங்கே பாடியவர்களுக்கும் அடித்தவர்களுக்கும் முகமும் பெயரும் இருந்தன. அந்தக் குழு செய்த பெரிய வேலை அதுதான் என்பேன்.

அந்த மேடையிலிருந்து வந்தவர்தான் அரக்கோணத்து அறிவு. 2021 மார்ச் 7 அன்று 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானது. அறிவும் தீயும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார், ஏ.ஆர். ரகுமான் துணையோடு தொடங்கிய மாஜா வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். பலருக்கு அது ஆட்டம் போடும் பாட்டு. அதன் அடியில் கிடப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை: இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டார்கள். இப்படி எண்ணிக்கையானவர்களில் பெரும்பகுதி தலித்துகள். 'என் சாமி' என்று ஆண்டையைக் கூப்பிட வைக்கப்பட்ட அதே வாய்தான் பேரப்பிள்ளையையும் 'என் சாமி' என்று கொஞ்சுகிறது.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் கனடாவின் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், சமூக ஊடகம் கொதித்தது, பிறகு அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டை தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது வெளிநாட்டில். சில நாளில், பாட்டை உருவாக்கியது தன் உழைப்பு என்று அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். மூவரும் சேர்ந்து செய்தது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024இல் அதே சந்தோஷ் நாராயணன், பாட்டு வந்து மூன்றாண்டாகியும் அதிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சொன்னார்.

மெட்டு யாருடையது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஸ்டுடியோவுக்குள் நான் இல்லை. ஆனால் அட்டைப்படத்துக்கு ஆள் குறைக்க வேண்டிய நேரத்தில் முதலில் விடுபட்ட முகம் எது என்பதைப் பார்க்க ஸ்டுடியோவுக்குள் போகத் தேவையில்லை.

போன மாதம் எங்கள் பகுதித் திருவிழா வீடியோவை யூடியூபில் ஏற்றிய தம்பியிடம், பறையடித்த ஆறு பேரின் பெயரையும் கீழே போடச் சொன்னேன். ஐந்து பெயர் எழுதிவிட்டான். ஆறாமவரை எல்லோரும் பட்டப்பெயரில்தான் கூப்பிடுகிறோம். "அண்ணே, அவர் நிஜப் பேரு எனக்கே தெரியல, வீட்டுல போய்க் கேட்டுட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.