சாகா மகிழுந்தும் யென் நாணயமும்



'புரோட்டோன் நம் நாட்டு மகிழுந்து' என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அதன் வரலாற்றில் ஜப்பானுக்கும் பங்குண்டு என்பதையும் நான் சேர்த்தே கூறுவதுண்டு.

1983 மே 7ஆம் நாள் அந்நிறுவனம் தோன்றியபோது ஹைக்கோம் 70 விழுக்காடும், மிட்சுபிசியின் இரு நிறுவனங்கள் தலா 15 விழுக்காடும் பங்கு கொண்டன. பெரும்பங்கு நம்முடையது, வடிவமைப்பும் இயந்திரமும் அவர்களுடையவை. 1985 சூலையில் சாகா வெளிவந்தது. அடுத்த செப்டம்பரிலேயே, நியூயார்க்கில் கையெழுத்தான பிளாசா உடன்படிக்கையால் யென்னின் மதிப்பு ஏறத் தொடங்கிற்று. ஜப்பானிலிருந்து தருவித்த உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. (உள்நாட்டிலோ அப்போது பொருளாதார மந்தம்!) 1988இல் நிருவாகத் தலைமையே ஜப்பானியர் ஒருவரிடம் சென்றது. 70 விழுக்காட்டுப் பங்கு இருந்தும் நுட்பம் நம் கையில் இல்லாமற்போனதன் விளைவாகவே இதனைக் காண்கிறேன்.

1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தில் புரோட்டோன் பெரும்பங்கு வாங்கியது. அதன் துணையோடு உருவான கேம்புரோ இயந்திரம் 2004இல் வந்தது. மிட்சுபிசியின் இரு நிறுவனங்களுள் ஒன்று விலகியதும் அவ்வாண்டே. 2017இல் சீனாவின் கீலியைச் சேர்த்துக்கொண்டபோது அதற்கு அளித்தது 49.9 விழுக்காடு. எஞ்சிய 50.1 மலேசிய நிறுவனத்திடமே நிறுத்தப்பட்டது.