புள்ளி இல்லாத ஏரி

நிறுத்தக்குறியே இல்லாமல் இரண்டு பக்கம் கொடுத்தால் நம்மில் பலருக்கு மூச்சு முட்டும். ஆனா தமிழ் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் எழுதப்பட்டது. ஓலையில் காற்புள்ளி கிடையாது, கேள்விக்குறி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிகூட பெரும்பாலும் இருக்காது.

தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது. எகர ஒகரக் குறில்களுக்கும் அப்படியே. ஓலையில் எழுதியவர்களோ அதை விட்டுவிட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதனால் ‘எரி’ என்று கீறியிருந்தால் அது நெருப்பா, தண்ணீர் நிற்கும் ஏரியா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்யணும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறு ஒரே வடிவம். ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்து இந்தக் குழப்பத்தைக் குறைத்தவர் என்று 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சொல்வார்கள்.

சரி, குறிகள் இல்லாமல் எப்படிப் படித்தார்கள்? என் பதில்: குறிகளின் வேலையை மொழியே செய்தது. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. ‘ஆ’ ஒட்டினால் கேள்வி. ‘என்று’ வந்தால் மேற்கோள் முடிந்தது. ‘உம்’ அடுக்கினால் பட்டியல். செய்யுளில் எந்தச் சொல்லை எதனோடு கூட்டுவது என்பதற்குத் தனி இலக்கணமே இருந்தது; பொருள்கோள் என்று நன்னூல் அதை எட்டு வகையாகப் பிரிக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், ஐரோப்பியக் குறிகளைத் தன் உரைநடைக்குள் கொண்டுவந்தார். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துச் சொல்லாவிட்டாலும், பள்ளிப் பிள்ளை தானே படிக்கலாம் என்றானது. இது பெரிய விடுதலை.

அதுக்கு ஒரு விலையும் உண்டு. இன்று நாம் வாங்கும் சங்கப் பாடல் பதிப்பில் இருக்கும் ஒவ்வொரு காற்புள்ளியும் பதிப்பாசிரியர் எடுத்த முடிவு. புலவர் வைத்தது இல்லை. வேறு இடத்தில் நிறுத்தினால் ‘சிறிய’ என்ற அடை தலைவியை விட்டு ஊருக்குப் போய்விடலாம். உரையாசிரியர்கள் சண்டை போட்டதில் பாதி இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் அந்தச் சண்டையின் தீர்ப்பை மட்டும், தீர்ப்பு என்றே தெரியாமல் படிக்கிறோம்.

அடுத்த முறை ஒரு குறுந்தொகைப் பாடலை எடுத்தால் குறிகளை எல்லாம் நீக்கி ஒரு தாளில் எழுதுங்க. பிறகு சத்தமாகப் படிங்க. எங்கே மூச்சு நிற்கிறதோ, அங்கே உங்கள் உரை தொடங்குகிறது.