வெட்டுத்துணியில் ஒரு விண்மீன்



நமது ஆலயத்தின் வரலாற்றை இம்மலரின் முற்பகுதியில் உபதேசியார் விரிவாக எழுதியுள்ளார். ஆகவே அடியேன் அதைத் தொடாமல், கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவின்போது எழுந்த ஒரு சிறு பேச்சைக் காரணமாகக் கொண்டு வேறொரு வரலாற்றை எழுதத் துணிகிறேன். திருவருகைக் காலத்தில் நம் மாதர் சங்கத்தினர் தையற்கடைகளில் எஞ்சிய வெட்டுத்துணிகளைச் சேர்த்து, நட்சத்திரங்களும் தோரணங்களும் தைத்து, குடிலைச் சுற்றித் தொங்கவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று மாலை இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்து, "சுவாமி, கடையில் பளபளக்கும் நட்சத்திரம் கிடைக்கும்போது கோவிலில் கந்தல் துணியைத் தொங்கவிடலாமா?" என்று கேட்டார். அவமதிப்பாக அவர் கேட்கவில்லை. ஆலயத்தின் மேலுள்ள பற்றினால்தான் கேட்டார். ஆனால் அருகில் பீடத்துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஒரு தாயாரின் முகம் வாடியதை நான் பார்த்தேன். அந்நேரம் எனக்குச் சரியான பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

மேலைநாடுகளில் 'குவில்ட்' என்றொரு போர்வை உண்டு. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சு அல்லது கம்பளி. மூன்றும் நழுவாதபடி நெடுகிலும் ஓட்டுத்தையல். மேல்துணியைப் பல நிறத் துண்டுகளை இணைத்துத் தைப்பதும் உண்டு. இப்போர்வைக்கு வெட்டியதில் மிஞ்சிய துணிதான் அந்நாட்டு வீடுகளில் பண்டிகைக் கால அலங்காரமாகிறது. மரத்தில் தொங்கும் விண்மீன், பரிசுப்பொருள் இடும் காலுறை, மரத்தடியில் விரிக்கும் வட்டத்துணி ஆகியவை அவ்வாறு தைக்கப்படுபவை. மரத்தில் உண்மையான மெழுகுவர்த்திகளை ஏற்றிய காலத்தில், சொட்டும் மெழுகு தரையில் படாதிருக்க விரித்த துணியே பிற்காலத்தில் இந்த வட்டத்துணியாயிற்று.

இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. நம் பாட்டிமார் 'சீட்டித்துணி' என்பார்களே, அதன் மூத்த வகை சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றியது. கடுக்காயில் ஊறவைத்த பருத்தித்துணியில் படிகாரத்தால் கோலமெழுதி, சாயவேரில் காய்ச்சினால் சிவப்பு பிடிக்கும். அவுரியில் தோய்த்தால் நீலம். வெளுத்தாலும் போகாத நிறம். பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரரும், சென்னையிலிருந்து ஆங்கிலேயரும், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் இதைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். ஐரோப்பியப் பெண்கள் இத்துணியின் மேல் கொண்ட ஆசையால் அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளரின் வயிறு காய்ந்தது. பிரெஞ்சு அரசு 1686இல் இதைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 1719ஆம் ஆண்டு நெசவாளர் கலகம் செய்து, தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர். அவர்களின் பசியும் உண்மையானதே. ஆயினும் ஆத்திரம் பாய்ந்தது பெண்கள் மேல்தான். 1721இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், வண்ணச் சீட்டியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. உடுத்தினால் ஐந்து பவுன் அபராதம். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் எது தெரியுமா? 1722 டிசம்பர் 25, கிறிஸ்து பிறந்த நாள்!

கிடைத்தற்கரிய பொருளின் துண்டுக்கும் மதிப்பு ஏறும். இங்கிலாந்தின் வடபகுதியில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில், இந்தியச் சீட்டித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை ஒன்று உள்ளது. 1708ஆம் ஆண்டினது என்று மரபாகச் சொல்லப்படுகிறது. துணி இறக்குமதிக்கு முதல் தடை வந்த பின் தைத்தது! இன்னொரு முறையும் பரவியது. சீட்டியிலுள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் பரப்பித் தைப்பார்கள். ஒரு முழம் சீட்டி முழுக் கட்டிலையும் அலங்கரித்துவிடும். எழுதிய கைகள் எவருடையவை என்று எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

இந்த வழக்கம் குடியேறியவர்களுடன் அமெரிக்கா சென்றது. அங்கே பெயர்பெற்ற ஒரு வடிவம் 'பெத்லகேம் விண்மீன்'. சாய்சதுரத் துண்டுகளை நடுவிலிருந்து வரிசை வரிசையாகச் சேர்த்து, எட்டு முனையுள்ள ஒரே பெரிய விண்மீனாக விரியச் செய்வார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலளவு பிசகினாலும் போதும். அப்பிசகு கூடிக்கூடி, கடைசியில் விண்மீன் தட்டையாகப் படியாது, நடுவே குடைபோல் உப்பிவிடும். 1830களை ஒட்டிய சில போர்வைகளில், முனைகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் கத்தரித்த சீட்டிப் பூக்கள் தைக்கப்பட்டிருக்கின்றன. துண்டின் வடிவம் மாறாதிருக்கப் பழங்காகிதத்தை வெட்டி உள்ளே வைத்துத் துணியை மடித்துத் தைப்பதும் ஒரு முறை. கடிதம், கணக்குத்தாள், செய்தித்தாள் எது கையில் அகப்பட்டதோ அது. எடுக்காமல் விட்ட அந்தக் காகிதங்களைக் கொண்டே பல போர்வைகளின் காலத்தை ஆராய்ச்சியாளர் கணிக்கிறார்கள்.

கிறிஸ்து பிறப்பு மரம் அமெரிக்க வீடுகளில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் மகளிர் இதழ் 1850 டிசம்பரில் வெளியிட்ட மரத்தின் படம் அதற்குப் பெரிதும் துணைசெய்தது. கடைச் சரக்கு வாங்க வசதியற்ற வீடுகளில் துணிமூட்டையே அலங்காரக் களஞ்சியம்.

அந்நாட்டு வரலாற்றில் என் மனத்தைவிட்டு நீங்காதவர் ஹாரியட் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் பருத்தித் துணிகளை வெட்டி, விவிலியக் காட்சிகள் பதினொன்றை ஒரு போர்வையில் தைத்தார். ஏதேன் தோட்டம், ஆபேல், யாக்கோபின் ஏணி, இயேசுவின் திருமுழுக்கு, இராவுணவு, சிலுவை எல்லாம் அதில் உண்டு. யூதாசின் முப்பது வெள்ளிக்காசுகளைப் பச்சைச் சீட்டியில் வெட்டி வைத்தார். கடைசிக் கட்டத்தில் திருக்குடும்பம். குழந்தையின் தலைக்கு மேல் பெத்லகேம் விண்மீன். 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரின் பருத்திக் கண்காட்சியில் இதைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தர முடியாது என்றார் ஹாரியட். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியது. போர்வையைச் சுத்தமான மாவுப் பையிலிட்டு, அதன்மேல் சாக்கொன்றைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் அந்த ஆசிரியையின் வாசலில் வந்து இறங்கினார். கேட்டது பத்து டாலர்; கிடைத்தது ஐந்து. அதன்பின் தம் போர்வையைப் பார்ப்பதற்காகவே பலமுறை வந்துபோனாராம். அவர் துயரத்தை ஓரளவு ஆற்றியது ஆசிரியை அளித்த ஒரு வாக்குறுதி: தம் வீட்டில் மிஞ்சும் வெட்டுத்துணிகளையெல்லாம் அவருக்கென எடுத்து வைப்பதாக! ஹாரியட் 1910இல் காலமானார். அப்போர்வை பின்னர் அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகமான ஸ்மித்சோனியனைச் சேர்ந்தது. அவர் தைத்தவற்றில் இன்னும் ஒன்றே நமக்குக் கிடைத்துள்ளது. அது பாஸ்டன் நகரில்.

பிறகு இக்கலை மங்கி, மறுபடி துளிர்த்தது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டிக் காட்டியது. 1976இல் அந்நாடு தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது வீட்டுக்கு வீடு மீண்டும் ஊசியெடுத்தார்கள். துணி மிகுந்தது, மிஞ்சிய துணியில் பண்டிகை அலங்காரங்களும் பெருகின. ஆனால் வேறொன்றும் நடந்தது. சிலர் கிழிந்த பழம்போர்வைகளையே வெட்டி, காலுறையும் நட்சத்திரமும் செய்து விற்கலாயினர். நைந்த துணிக்கு மறுவாழ்வு என்றனர் அவர்கள். பெயர் தெரியாத ஒரு தாயின் உழைப்பைத் துண்டாடுகிறீர்கள் என்றனர் ஆராய்ச்சியாளர். என் கருத்தைக் கேட்டால், மிஞ்சியதை வெட்டலாம், தைத்து முடித்ததை வெட்டலாகாது. இதில் நம் மாதர் சங்கத் தலைவியார் என்னோடு ஒத்துப்போகவில்லை. பழைய பாவாடையை வெட்டாமல் பிள்ளைக்குச் சட்டை எப்படி வந்தது என்று கேட்கிறார்!

கேள்வி கேட்ட இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். இவ்வாண்டு அவரே தம் மாமாவின் தையற்கடையிலிருந்து இரண்டு மூட்டை வெட்டுத்துணி கொண்டுவந்து சக்கிறீஸ்தில் இறக்கியிருக்கிறார். உள்ளே வைக்கும் அட்டைக்குச் சென்ற ஆண்டுத் திருவிழா அறிக்கைகளை வெட்டிக்கொள்ளலாம் எனக் கொடுத்துள்ளேன். ஒவ்வொரு நட்சத்திரத்தின் பின்புறத்திலும் தைத்தவர் பெயரை நூலால் குறிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அன்று முகம் வாடிய தாயார் மட்டும், "என் பேரு எதுக்கு சாமி?" என்று இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறார்.