‘விசேஷம்’ கேட்கும் முன்பு... இதைக் கேளுங்க தோழி!

ஸ்ரீரங்கமோ, உறையூரோ... கல்யாணமான மறுமாசமே “ஏதாவது விசேஷம் உண்டா?”ன்னு கேட்பாங்க. “உனக்கு ரத்தம் எவ்வளவு இருக்கு?”ன்னு யாரும் கேட்கறதில்லை. தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை என்கிறது, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு.

ஏன் முன்கூட்டியே செக்-அப்?

கரு உருவான 28 நாள்களுக்குள் குழந்தையின் மூளை, தண்டுவடத்துக்கான நரம்புக்குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும்போதே அதில் பாதி முடிந்திருக்கும். அதனால், ஒரு மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தேவை.

எதையெல்லாம் பார்க்கணும்?

* ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தச்சோகை.
* சர்க்கரை, தைராய்டு, பிரஷர்.
* ருபெல்லா தடுப்பூசி போட்டால், ஒரு மாதம் கழித்தே கர்ப்பம்.
* சொந்தத்தில் கல்யாணமா? மரபணு ஆலோசனை கேளுங்கள்.

லேப் ரிப்போர்ட்டில் வராதது ஒன்று உண்டு. வீட்டில் அடி, மிரட்டலா? குழந்தை எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியலையா? டாக்டரிடம் தனியாகப் பேசணும்னு கேளுங்க. 181-க்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

திருச்சிக்காரர்கள் புத்தூர் அரசு மருத்துவமனையிலேயே ஆலோசனை பெறலாம். கணவரையும் கூட்டிட்டுப் போங்க!